வியன்னாவின் அரச நிலவறை: பார்க்கப் போகுமுன்

வியன்னாவுக்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியலில் அரண்மனைகள்தாம் முதலில் நிற்கும். ஷோன்ப்ருன், ஹோஃப்புர்க் என்று சுற்றி, தங்க முலாம் பூசிய அறைகளைப் பார்த்துக் கால் ஓய்ந்தபின் ஒரு கேள்வி வரவேண்டும்: இங்கே வாழ்ந்தவர்கள் எல்லாம் இப்போது எங்கே? நகரின் நடுவே, நோயர் மார்க்ட் சதுக்கத்தின் ஓரமாக ஒரு தேவாலயம் இருக்கிறது. அலங்காரம் குறைந்த, சட்டென்று கண்ணில் படாத கட்டடம். அதன் அடியில் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் பாதியைத் தங்கள் சொத்தாக நினைத்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தில் ஏறக்குறைய 150 பேர், 12 பேரரசர்கள் உட்பட, ஒரே நிலவறைக்குள் அடுத்தடுத்துக் கிடத்தப்பட்டிருக்கிறார்கள்.

தேவாலயம் கப்புச்சின் துறவிகளுடையது. நிலவறையும் அவர்கள் பொறுப்புதான். அசிசி நகரப் பிரான்சிஸின் வழிவந்த துறவிகள் இவர்கள். பழுப்பு அங்கி, இடுப்பில் கயிறு, சொத்து வைத்துக்கொள்வதில்லை என்ற விரதம். பேரரசர் மத்தியாஸின் மனைவி அன்னா, தன்னையும் கணவரையும் இந்தத் துறவிகளின் மடத்தில்தான் அடக்கம் செய்யவேண்டும் என்று 1617இல் உயில் எழுதி, அதற்குப் பணமும் ஒதுக்கினார். அடுத்த ஆண்டே அவர் இறந்தார். அதற்கடுத்த ஆண்டு கணவரும் போய்ச் சேர்ந்தார். கட்டடம் எழும்ப நாளானதால், 1633இல்தான் இருவரின் பெட்டிகளும் இங்கே கொண்டுவரப்பட்டன. இருவருக்கு மட்டும் என்று திட்டமிட்ட இடம், பின்னால் வந்தவர்களுக்கும் பிடித்துப்போனதால் அறை மேல் அறையாக நீண்டது. இன்று பத்து அறைகள். ஏறத்தாழ கால வரிசைப்படியே நீங்கள் நடந்து போகலாம் என்பது பார்வையாளருக்கு வசதி.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். இங்கே யாரும் மண்ணுக்குள் இல்லை. உடல் மரப் பெட்டியில் இருக்கும். அதன்மேல் துணி போர்த்தியிருக்கும். ஆட்சி செய்தவர்களுக்குக் கறுப்புப் பட்டும் பொன் சரிகையும், மற்றவர்களுக்குச் சிவப்புப் பட்டும் வெள்ளிச் சரிகையும். அந்த மரப் பெட்டியை உலோகத்தால் ஆன வெளிப் பேழைக்குள் வைத்து மூடுவார்கள். நாம் பார்ப்பது இந்த வெளிப் பேழையைத்தான். மரப் பெட்டிக்கு வழக்கமாக இரண்டு பூட்டுகள். ஒரு சாவி மடத்துத் தலைவரிடம், இன்னொன்று ஹோஃப்புர்க் அரண்மனைக் கருவூலத்தில். இறந்த பிறகும் மன்னரைத் தனியாக யாரும் திறந்துவிட முடியாதபடி ஒரு ஏற்பாடு.

முதல் அறையில் அன்னாவும் மத்தியாஸும் சின்னச் சின்னப் பேழைகளில் இருக்கிறார்கள். அவற்றைத் தாண்டிப் போகும்போது குழந்தைகளின் பெட்டிகள் கண்ணில் படத் தொடங்கும். கை நீட்டினால் இரு முனையையும் தொட்டுவிடலாம் போன்ற அளவில், வரிசையாக. அரச குடும்பம் என்பதால் அம்மையும் காய்ச்சலும் விலகிப் போய்விடவில்லை. சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப மணம் முடித்ததும் குழந்தைகள் தங்காமல் போனதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

அதற்கு உதாரணம் அடுத்த அறையிலேயே இருக்கிறது. மார்கரிட்டா தெரேசா என்ற பெயரைத் தேடுங்கள். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தின் நடுவில், அகன்ற பாவாடையோடு நிற்கும் ஐந்து வயதுச் சிறுமி இவர்தான். 1666இல், 15 வயதில், பேரரசர் முதலாம் லியோபோல்டுக்கு மணம் முடித்து வியன்னாவுக்கு அனுப்பினார்கள். லியோபோல்டு அவருடைய சொந்தத் தாய்மாமன். தாய்மாமனைக் கட்டுவது நமக்குக் கேள்விப்படாத சங்கதி இல்லை. ஆனால் ஹாப்ஸ்பர்க்குகள் அதைத் தலைமுறை தலைமுறையாக, இரு பக்கமும் விடாமல் செய்தார்கள். மார்கரிட்டாவுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்து ஒரு மகள் மட்டுமே பிழைத்தாள். 1673இல் இறந்தபோது மார்கரிட்டாவுக்கு வயது 21. வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில், நீல உடையில் அதே வெலாஸ்கெஸ் வரைந்த இவருடைய படம் இருக்கிறது. படத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு இங்கே வாருங்கள். வெறும் பெயராகத் தெரிகிற பெட்டி ஒரு ஆளாகத் தெரியும்.

மேற்கொண்டு நடக்க நடக்கப் பேழைகள் பெரிதாகின்றன. ஆறாம் சார்லஸ், ஜெர்மன் வழக்கில் கார்ல், 1740இல் இறந்தார். அவருடைய பேழையில் ஒரு மண்டையோடு இருக்கிறது. அதன் தலையில் புனித ரோமானியப் பேரரசின் மணிமுடி. சுற்றுலாக் கையேடுகளில் அதிகம் அச்சாகும் படம் இது. பயமுறுத்தச் செய்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள்: மண்டையோட்டுப் பல்வரிசையும் சரி, முடியின் கல் பதித்த விளிம்பும் சரி, ஒரே அக்கறையோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. முடியையும் விடவில்லை, சாவையும் மறைக்கவில்லை. அந்தக் காலத்துக் கத்தோலிக்க அரசவையின் மனப்போக்கை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சார்லஸுக்கு ஆண் வாரிசு இல்லை. பெண்ணும் ஆளலாம் என்று 1713இலேயே ஒரு சாசனம் எழுதி, அதை மற்ற அரசர்களிடம் ஒப்புக்கொள்ளவைக்க வாழ்நாளெல்லாம் பாடுபட்டார். அவர் கண்மூடியதும் அவர்களில் பலர் வாக்கை மீறிப் படையெடுத்தார்கள். அந்தச் சண்டைகளைத் தாங்கி நின்ற மகள்தான் மரியா தெரேசா. அடுத்த அறை அவருடையது. நிலவறையில் நீங்கள் அதிக நேரம் செலவிடவேண்டிய இடமும் அதுதான். பெரும்பாலோர் அரசி சிசி எங்கே என்று கேட்டுக்கொண்டு இதைக் கடந்து ஓடுகிறார்கள். நான் சொல்வேன், இங்கேயே நில்லுங்கள்.

அறைக்கு மேலே குவிமாடம் இருக்கிறது. மேலிருந்து பகல் வெளிச்சம் இறங்குகிறது. நடுவில் ஒரு பிரம்மாண்டமான இரட்டைப் பேழை. செய்தவர் பால்தாசர் ஃபெர்டினாண்ட் மோல் என்ற சிற்பி. காலம் 1754 வாக்கில். இதில் கவனிக்கவேண்டியது, அப்போது மரியா தெரேசாவும் உயிரோடு இருந்தார், கணவர் பிரான்ஸ் ஸ்டீஃபனும் உயிரோடு இருந்தார். கணவர் போனது 1765இல், மரியா தெரேசா போனது 1780இல். தங்கள் கல்லறையைத் தாங்களே செய்துவைத்து, அவ்வப்போது இறங்கி வந்து பார்த்துக்கொண்டார்கள்.

பேழையின் மூடிமேல் கணவனும் மனைவியும் படுக்கையிலிருந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்ததுபோல் இருக்கிறார்கள். பின்னால் ஒரு தேவதூதன் எக்காளத்தோடு நிற்கிறான். உலகத்தின் கடைசி நாளில் எக்காளம் ஒலிக்கும், இறந்தவர்கள் எழுவார்கள் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. அந்த நொடியில் இந்த இருவரும் தேவதூதனையும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். 16 பிள்ளைகள் பெற்ற தம்பதி. கணவர் வேறு பெண்களை நாடியவர் என்பது ஊரறிந்தது. ஆனாலும் அவர் இறந்தபின் மரியா தெரேசா கடைசிவரை கறுப்பு உடையைக் களையவில்லை. மூலைகள் நான்கிலும் அழும் பெண் உருவங்கள், தலைகளில் அவர்கள் ஆண்ட நாடுகளின் முடிகள். பக்கங்களில் போர்களும் முடிசூட்டு விழாக்களும் புடைப்புச் சிற்பமாக ஓடுகின்றன. ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் அந்த ஆட்சியின் கதையே கிடைத்துவிடும்.

வயதான காலத்தில் மரியா தெரேசாவுக்கு உடல் பெருத்துப் படியிறங்க முடியாமல் போனதால், கயிறு கட்டிய நாற்காலியில் உட்கார்த்தி அவரைக் கீழே இறக்குவார்களாம். ஒரு முறை கயிறு மக்கர் பண்ணியபோது, நிலவறை என்னை விடமாட்டேன் என்கிறது என்று சொன்னதாகக் கதை. சில நாட்களில் இறந்தும் போனார்.

இந்த அறையில் இன்னும் இரண்டைத் தேடிப் பாருங்கள். ஒன்று, கரோலினா ஃபுக்ஸ் என்ற பெண்மணியின் பேழை. ஹாப்ஸ்பர்க் ரத்தமும் இல்லை, அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவரும் இல்லை. மரியா தெரேசாவைச் சிறுவயதில் வளர்த்து ஆளாக்கியவர். 1754இல் இவர் இறந்தபோது, குடும்பத்தார் மட்டுமே கிடக்கும் இடத்தில் இவரையும் வைக்கச் சொன்னார் பேரரசி. இப்படி இடம் பெற்ற வெளியார் இவர் ஒருவர்தான்.

மற்றொன்று இரட்டைப் பேழையின் காலடியில், எந்த வேலைப்பாடும் இல்லாத ஒரு செம்புப் பெட்டி. அது மகன் இரண்டாம் ஜோசப். 1790இல் இறந்தவர். ஆடம்பர இறுதிச் சடங்குகள் வீண் செலவு என்பது இவர் கட்சி. 1784இல் குடிமக்களுக்கும் ஒரு சட்டம் போட்டார்: பிணத்தைச் சாக்கில் தைத்துக் கொண்டுபோகவேண்டும்; அடியில் கதவு வைத்த பொதுப் பெட்டியைக் குழிக்கு மேலே திறந்துவிட்டால் உடல் விழுந்துவிடும்; பெட்டி அடுத்தவருக்கு. மரமும் மிச்சம், உடலும் சீக்கிரம் மக்கும். கணக்கு சரிதான், ஆனால் வியன்னா மக்கள் கொதித்தெழுந்துவிட்டார்கள். மறு ஆண்டே சட்டத்தைத் திரும்பப் பெற்றார். தாயின் அலங்காரத்தையும் மகனின் வெறும் செம்பையும் ஒரே பார்வையில் பார்க்க முடிவது இந்த இடத்தின் பெரிய பேறு. அலங்காரப் பேழைகளின் காலம் இவரோடு முடிந்தது. பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் எளிமையான பெட்டிகளையே ஏற்றுக்கொண்டார்கள்.

நிலவறையைப் பற்றி வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் ஒரு கதையையும் இங்கே பிரித்துப் பார்த்துவிடலாம். 1767 மே மாதம் ஜோசப்பின் இரண்டாம் மனைவி பெரியம்மையில் இறந்தார். அக்டோபரில், மரியா தெரேசாவின் மகள் மரியா ஜோசப்பா, நேப்பிள்ஸ் மன்னருக்கு வாழ்க்கைப்பட்டுப் புறப்படுமுன், தாயோடு இங்கே வந்து வேண்டிக்கொண்டாள். இரண்டு நாளில் உடம்பில் அம்மை முத்து போட்டது. அந்த மாதம் 15ஆம் தேதி இறந்தாள். வயது 16. சரியாக மூடாத அண்ணியின் பெட்டியிலிருந்து நோய் தொற்றியது என்றும், தாய்தான் வற்புறுத்தி அழைத்துவந்து சாகடித்தாள் என்றும் பேசினார்கள். பெரியம்மைக் கிருமி உடலுக்குள் போய் முத்து வெளிப்பட ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே நிலவறைக்குள் கால் வைக்கும் முன்பே அவளுக்கு நோய் தொற்றியிருந்தது. பழி தாய்மேல் வரவேண்டியதில்லை. அடுத்த ஆண்டு மரியா தெரேசா, யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவரை வரவழைத்துத் தன் பிள்ளைகளுக்கு அம்மை குத்தவைத்தார்.

அடுத்த அறையில் ஒரு பெயர்க் குழப்பம் காத்திருக்கிறது. இங்கே இரண்டு 'முதலாம் பிரான்ஸ்' உண்டு. மரியா தெரேசாவின் கணவர் புனித ரோமானியப் பேரரசராக முதலாம் பிரான்ஸ். பேரன், அதே பேரரசின் வரிசையில் இரண்டாம் பிரான்ஸ். 1804இல் ஆஸ்திரியப் பேரரசு என்ற புதிய பட்டத்தை உண்டாக்கிக்கொண்டதால் அதில் அவர் முதலாமவர் ஆகிவிட்டார். நெப்போலியன் நெருக்கியதில் 1806இல் பழைய பேரரசை அவரே கலைத்தும் விட்டார். அறையின் நடுவில் அவர் படுத்திருக்க, நான்கு மூலைகளில் அவருடைய நான்கு மனைவிகள். ஒருவர் பின் ஒருவராக மணந்தவர்கள்தாம்; இங்கேதான் நால்வரும் ஒன்றுகூடியிருக்கிறார்கள்.

இடையில் வரும் ஃபெர்டினாண்ட் அறையிலும் தஸ்கனி அறையிலும் அதிகம் நிற்க வேண்டாம். இடம் போதாமல் 1960களின் தொடக்கத்தில் கட்டிய 'புதிய நிலவறை'க்கு வாருங்கள். கட்டடக் கலைஞர் கார்ல் ஷ்வான்ட்ஸர். காங்கிரீட் கூரை, வெறுமையான சுவர். பழைய பேழைகள் இந்தப் பின்னணியில் இன்னும் தனித்துத் தெரிகின்றன. நெப்போலியனின் இரண்டாம் மனைவி மரி லூயிஸ் இங்கே இருக்கிறார். அவர்களுடைய ஒரே மகனும் 1832 முதல் இந்த நிலவறையில்தான் இருந்தான். 1940 டிசம்பரில், ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸ் நாட்டை மகிழ்விக்கலாம் என்று எண்ணிய ஹிட்லர், பெட்டியைப் பாரிஸுக்கு அனுப்பிவைத்தார். தாய் மட்டும் இங்கே.

அதே அறையில் மெக்சிகோவின் மாக்ஸிமிலியன். பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் தம்பி. பிரெஞ்சுப் படைகளின் தயவில் மெக்சிகோவுக்குப் பேரரசராகப் போய், அந்தப் படைகள் கைவிட்டபின், 1867இல் கெரெதாரோ நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலைக் கொண்டுவர அட்மிரல் டெகெட்ஹோஃப் அனுப்பப்பட்டார். நிலவறை வாசல் இருக்கிற தெரு அவர் பெயரில்தான் இருக்கிறது. உடல் வந்த கப்பல் நோவாரா. மாக்ஸிமிலியன் பதவியேற்க மெக்சிகோ போனதும் அதே கப்பலில். அதற்கும் முன்னால், அவர் கடற்படைத் தலைவராக இருந்தபோது உலகைச் சுற்றிவர அனுப்பிய ஆய்வுப் பயணத்தில், 1858இல் அந்த நோவாரா இலங்கையிலும் நம் சென்னையிலும் நங்கூரம் பாய்ச்சியிருக்கிறது.

அடுத்தது கூட்டம் கூடும் அறை. நடுவில் உயர்ந்த மேடையில் பிரான்ஸ் ஜோசப், 1848 முதல் 1916 வரை 68 ஆண்டுகள் ஆண்டவர். ஒரு பக்கம் மனைவி எலிசபெத், உலகம் சிசி என்று அழைக்கும் அரசி. 1898இல் ஜெனீவாவில் ஏரிக்கரையில் கூராக்கிய அரத்தால் குத்திக் கொல்லப்பட்டவர். மறுபக்கம் மகன் ருடால்ஃப். 1889இல் மையர்லிங் வேட்டை மாளிகையில் 17 வயதுக் காதலியைச் சுட்டுத் தானும் செத்தவர். தற்கொலை செய்துகொண்டவருக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்பதால், சித்தம் கலங்கிய நிலையில் செய்தது என்று மருத்துவர்கள் சான்று தந்த பிறகே இங்கே இடம் கிடைத்தது. காதலி ஊருக்கு வெளியே ஒரு மடத்துக் கிராமத்தில் இருக்கிறாள். சிசியின் பெட்டியருகே புதுப் பூக்களும், ஹங்கேரியின் சிவப்பு, வெள்ளை, பச்சை நாடாக்களும் எப்போதும் கிடக்கும். ஹங்கேரியர் இன்றும் தங்கள் அரசியாகவே அவரை நினைக்கிறார்கள்.

முதல் உலகப் போருக்குக் காரணமான கொலையில் செத்த பிரான்ஸ் ஃபெர்டினாண்டை இங்கே தேடாதீர்கள். அரச அந்தஸ்துக்குக் குறைந்த குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அவளுக்கு இங்கே இடமில்லை என்பதால் ஆர்ட்ஷ்டெட்டன் கோட்டையில் தனக்கும் அவளுக்கும் தனிக் கல்லறை கட்டிக்கொண்டார். கடைசிப் பேரரசர் கார்லும் இல்லை. நாடு கடத்தப்பட்டு 1922இல் மதீரா தீவில் இறந்து அங்கேயே இருக்கிறார். அவருடைய மனைவி சீட்டா 1989இலும், மகன் ஒட்டோ 2011இலும் இங்கே சேர்ந்தார்கள். கடைசிச் சிற்றாலயத்தில் அவர்களைப் பார்க்கலாம். ஒட்டோ மணிமுடி இல்லாமல் வாழ்ந்தவர். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 20 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார்.

ஒட்டோவின் இறுதி ஊர்வலம் மடத்து வாசலுக்கு வந்தபோது கதவு மூடியிருந்தது. தட்டினார்கள். உள்ளே வர விரும்புவது யார் என்று துறவி கேட்டார். பரம்பரைப் பட்டங்கள் அத்தனையும் வாசிக்கப்பட்டன. அவரை எங்களுக்குத் தெரியாது என்று பதில் வந்தது. மறுபடி தட்டி, அவர் வகித்த பதவிகளையும் பெற்ற சிறப்புகளையும் சொன்னார்கள். அதே பதில். மூன்றாம் முறை, ஒட்டோ என்ற சாகப் பிறந்த பாவி மனிதன் என்றதும் கதவு திறந்தது. பழங்காலத்திலிருந்தே இப்படித்தான் என்று சொல்லப்பட்டாலும், பழைய பேரரசர்களுக்கு இந்தச் சடங்கு நடந்ததற்கு உறுதியான சான்று இல்லை. சீட்டாவுக்கும் ஒட்டோவுக்கும் நடந்தது உறுதி.

உள்ளே குளிர்ச்சியாக இருப்பது சாவின் சூழலுக்காகச் செய்த ஜோடனை அல்ல. பழைய பேழைகள் பல வெள்ளீயக் கலவை. ஈரமும் பார்வையாளர் விடும் மூச்சும் சேர்ந்து உலோகத்தை அரித்தன. மெல்லிய தகடு தன் பாரத்தைத் தானே தாங்காமல் வளைந்தும் போனது. பல பத்தாண்டுகளாகப் பழுதுபார்க்கிறார்கள். 2003இல் குளிர்சாதன வசதி செய்தபின் நிலைமை மேம்பட்டது. ஆகவே சிற்பத்தைத் தடவிப் பார்க்க ஆசை வந்தாலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கோடையில் போனாலும் மேலே போட்டுக்கொள்ள ஒன்று கையில் இருக்கட்டும்.

இவ்வளவு பார்த்தாலும் பல மன்னர்களை நீங்கள் முழுதாகப் பார்த்ததாக ஆகாது. உடலைப் பல நாள் மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டியிருந்ததால் குடலையும் உள்ளுறுப்புகளையும் எடுத்துவிடுவார்கள். அவை செம்புக் கலயங்களில் புனித ஸ்டீஃபன் பேராலயத்தின் அடியில் உள்ளன. இதயம் வேறிடம். நான்காம் ஃபெர்டினாண்ட் 1654இல் இறக்கும்போது, தன் இதயத்தை அகஸ்டின் தேவாலயத்து லொரெட்டோ மாதாவின் பாதத்தில் வைக்கச் சொன்னார். அதையே வழக்கமாக்கி, 1878 வரை 54 இதயங்களைக் கலயங்களில் இட்டு அங்கே வைத்தார்கள். மூன்று இடங்களுமே ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரம்.

போகிற வழி எளிது. ஷ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. காலை 10 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும். கட்டணத்தையும் விடுமுறை நாட்களையும் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாமல் பார்க்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளை ஒட்டிப் போனால், இது அருங்காட்சியகம் மட்டுமல்ல, வேண்டிக்கொள்ள வருகிறவர்களின் கல்லறையும்தான் என்பது புரியும். தொப்பியைக் கழற்றி, குரலைத் தணித்துக்கொண்டால் போதும். இதயங்களையும் பார்க்க விரும்பினால் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். அகஸ்டின் தேவாலயத்தில் காலை 11 மணிப் பூசை இசைக்குழுவோடு நடக்கும். அது முடிந்தபின் இதய அறையைக் காட்டுவது வழக்கம். இரும்புக் கதவிலுள்ள சின்னச் சாளரம் வழியாகத்தான் பார்க்க முடியும், அதையும் முன்னதாகவே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.